வாசகர் கேட்கிறார்கள்: மத்தியானம் என்றால் எத்தனை மணி?

மத்தியானம், மதியம், நண்பகல், பகல் சாப்பாடு ஆகிய சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சோற்றுப் பார்சல் பற்றிய கேள்வி சொல் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் அதைக் கேட்காத வீடு இல்லை என்பதால் அதற்கும் இடம் கொடுத்தோம்.

"மத்தியானம் வாங்கோ" என்று கூப்பிட்டால் எத்தனை மணிக்குப் போய் நிற்பது? அகராதி நண்பகல் என்கிறது. எங்கள் வீட்டில் இரண்டரைக்கும் மத்தியானம்தான்.
– வாசகி, உப்புவெளி

அகராதியும் சரி, உங்கள் வீடும் சரி. 'மத்திய' என்றால் நடு, 'அஹ்நம்' என்றால் பகல். இரண்டும் சேர்ந்த வடசொல் தமிழ் வாயில் மத்தியானம் ஆயிற்று. அந்தக் கணக்கில் அது பகலின் நடு, அவ்வளவுதான். பேச்சில் அப்படி இல்லை. சோறு எப்போதோ மத்தியானம் அப்போது. பாடசாலை 1.30க்கு விட்டு, பிள்ளை வீடு வந்து உடுப்பு மாற்றிக் கோப்பைக்கு முன்னால் இருக்கும்போது 2 மணி பிந்திவிடும். கந்தோர்க்காரருக்கு 12.30. இரவு கடலுக்குப் போய் விடிய வந்து படுத்து எழும்புகிறவருக்குப் பதினொன்றுக்கே பசிக்கும். மூன்று பேரும் சாப்பிடுவது மத்தியானச் சாப்பாடுதான்.

கவனிக்க வேண்டியது மணியை அல்ல, வேற்றுமை உருபை. "மத்தியானம் வாங்கோ" என்றால் அந்த நேரத்தில் வரச் சொல்கிறார்கள். கடிதம் எடுக்கவோ சாமான் கொடுக்கவோ இருக்கலாம், சோற்றுக்கு உத்தரவாதமில்லை. "மத்தியானத்துக்கு வாங்கோ" என்றால் உங்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறார்கள். 'க்கு' ஏறியவுடன் சொல் நேரத்தை விட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. "மத்தியானத்துக்கு என்ன கறி?", "மத்தியானத்துக்கு ஒன்றும் வைக்கயில்லை" என்பவையும் அப்படித்தான். அதே 'க்கு' 'பிறகு', 'முன்னம்' என்பவற்றோடு வந்தால் மட்டும் திரும்ப நேரமாகிவிடும்: "மத்தியானத்துக்குப் பிறகு கடை பூட்டு."

சோற்றுக்குக் கூப்பிட்டால் 12.30க்கும் 1 மணிக்கும் இடையில் போவது நல்லது. 12க்கே போனால் சொதி இறக்கியிருக்க மாட்டார்கள். 1.30 தாண்டினால் வீட்டுக்காரர் உங்களைப் பார்த்துக்கொண்டு பசியோடிருப்பார்கள். மத்தியானம் எங்கே முடிகிறது என்று கேட்டால், தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்ததும் பின்னேரம் தொடங்கிவிட்டது.

கிண்ணியாவில் நாங்கள் "பகல் சாப்பாடு" என்கிறோம். அது மத்தியானச் சாப்பாட்டைவிடத் தரம் குறைந்த சொல் என்று ஒருவர் திருத்தினார். சரியா?
– வாசகர், கிண்ணியா

திருத்தத் தேவையில்லை. இரவுச் சாப்பாடு என்பதற்கு நேர் எதிரே நிற்பது பகல் சாப்பாடுதான், தவிர பகல் நல்ல தமிழ்ச்சொல். "பகலைக்கு என்ன ஆணம்?" என்ற கேள்வி "மத்தியானத்துக்கு என்ன கறி?" என்பதற்குச் சமம். சிங்களத்திலும் 'தவல் கேம' என்றால் பகல் சாப்பாடுதான். வெள்ளிக்கிழமைகளில் இன்னுமொரு வசதி: ஜும்ஆ முடிந்து வந்து இரண்டு மணிக்கு உண்டாலும் பகல் பகல்தான்.

எழுத்தில் இலக்கணம் பார்ப்பவர்கள் 'பகற்கனவு', 'பகற்பொழுது' போல 'பகற்சாப்பாடு' என்று புணர்த்தலாம். பேச்சு வழக்கை அப்படியே எழுதுமிடத்தில் 'பகல் சாப்பாடு' என்று பிரித்து எழுதுவதே கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பழைய பாடல்களில் மதியம் என்றால் நிலா. அப்படியென்றால் "மதிய உணவு" பிழையா?
– மாணவி, தம்பலகாமம்

பிழையில்லை. உருவம் ஒன்று, சொல் இரண்டு. மதி என்றால் நிலா, 'அம்' சேர்ந்து மதியம். நேரத்தைக் குறிக்கும் மதியம் வேறு. அது 'மத்தியம்' என்ற வடசொல் சுருங்கி வந்தது. பரீட்சையில் பழைய செய்யுள் வந்தால் நிலா என்று எழுதுங்கள், பத்திரிகைச் செய்தி வந்தால் நடுப்பகல் என்று எழுதுங்கள். 'மதியம் தோன்றியது' என்பதையும் 'மதியம் தூங்கினான்' என்பதையும் ஒருவரும் மாற்றி விளங்கிக்கொள்ள மாட்டார்கள்.

வடமொழிக் கலப்பில்லாமல் எழுத நினைத்தால் நண்பகல் இருக்கிறது. 'நள்' என்றால் நடு. நள்ளிரவில் இருக்கிறதும் இதுதான். ஆனால் பழந்தமிழில் நண்பகல் ஒரு புள்ளி அல்ல, ஒரு நீட்சி. நாளொன்றை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள், ஒவ்வொன்றும் 10 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே ஒரு பொழுது 4 மணித்தியாலம். நண்பகல் 10 மணியிலிருந்து 2 மணிவரை. தொல்காப்பியம் அதைப் பாலைத் திணைக்குக் கொடுத்திருக்கிறது, வெயிலை நினைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். எங்கள் மத்தியானம் 11க்குத் தொடங்கி 2 வரை இழுபடுவதைப் பார்த்தால், 12 மணிக்கு மட்டும் நண்பகல் என்று எழுதுகிற இன்றைய வழக்கைவிட அந்தப் பழைய கணக்குக்கே கிட்ட நிற்கிறது.

சந்தியும் கேட்டிருந்தீர்கள். மதியம் + சாப்பாடு = மதியச் சாப்பாடு; மத்தியானம் + சாப்பாடு = மத்தியானச் சாப்பாடு. மகரம் கெட்டு வல்லினம் மிகும். மதியம் + உணவு என்பதில் மகரம் மட்டும் கெடும், மதிய உணவு.

திருகோணமலையில் சூரியன் சரியாக உச்சிக்கு வருவது 12 மணிக்கா?
– மாணவர், உவர்மலை

ஏறக்குறைய ஆம், ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மணிக்கு அல்ல. இலங்கை நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது. எங்கள் நகரம் 81¼ பாகைக்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம், சராசரியாக 5 நிமிடம் பிந்தி, 12.05க்கு உச்சி. இதற்கு மேல் பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அச்சு சாய்ந்தும் இருப்பதால் ஒரு ஏற்ற இறக்கம் வரும். பெப்ரவரி நடுப்பகுதியில் 12.19 வரை பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 11.49க்கே வந்துவிடும். இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம்.

உச்சி என்பது நேர் தலைக்கு மேல் என்று நினைப்பதும் பிசகு. அது ஆண்டில் இரண்டு தடவை மட்டும் நடக்கும். முதலாவது ஏப்ரல் 12 அளவில், சித்திரை வருடப்பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னம். இரண்டாவது ஓகஸ்ட் முடிவில், 30ஆம் திகதி அளவில். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சி நேரத்தில் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஒரு மீற்றர் தடியைத் தூக்குநூல் பிடித்து நேராக நட்டு, 11.30இலிருந்து 5 நிமிடத்துக்கொரு முறை நிழலின் நுனியில் கல் வையுங்கள். நிழல் ஆகக் குறுகிய கல் எதுவோ அதுதான் உச்சி. ஏப்ரல் நடுவில் இந்தச் சோதனை சரிவராது. நிழலே இராது.

பெரியவர்கள் சிலர் "பழைய நேரம், புது நேரம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. 1996இன் அந்த ஐந்து மாதத்தில் பெரும்பாலான நாட்களில் இங்கே சூரியன் உச்சிக்கு வந்தது ஒரு மணி தாண்டித்தான்.

அழைப்பிதழ் அச்சிடுகிறோம். "மதிய போசனம்", "மதிய விருந்து", "பகல் விருந்து" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று எழுதித் தருகிறார்கள். மு.ப., பி.ப. போடுவதிலும் குழப்பம். எது முறை?
– அச்சகத்தார், பாலையூற்று

முதலில் நிகழ்வைக் கேளுங்கள். கல்யாணம், பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா என்றால் மதிய விருந்து, பகல் விருந்து, மதிய போசனம் மூன்றும் பொருந்தும். வலீமாவுக்குப் பகல் விருந்து நன்றாக இருக்கும். அந்தியேட்டி, 31ஆம் நாள், ஆண்டுத் திவசம் என்றால் 'விருந்து' என்ற சொல்லே வரக்கூடாது. அங்கே 'மதிய போசனம்' மட்டும்தான். வாடிக்கையாளர் கையெழுத்தில் விருந்து என்று இருந்தாலும் அச்சுக்கு முன் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். எழுதித் தருகிறவர் துக்கத்தில் இருப்பார், பழைய கல்யாணக் கார்டைப் பார்த்து எழுதியிருப்பார்.

'மதிய போசனம்' என்பதில் 'ப்' போட வேண்டுமா என்பது அடுத்த சந்தேகம். விதிப்படி பார்த்தால் மதியப் போசனம். ஆனால் போசனத்தின் முதல் ஒலி வல்லோசை அல்ல, வடமொழியின் மெல்லிய 'ப'. வாய் ஒற்றை ஏற்காததால் எழுத்திலும் ஒற்று விழாமல் நிலைத்துவிட்டது. அரச கந்தோர்களின் 'மதிய போசன இடைவேளை' அறிவித்தலும் ஒற்றில்லாமல்தான். அப்படியே விடுங்கள்.

மணி விடயத்தில் கறாராக இருங்கள். மு.ப. என்றால் முற்பகல், பி.ப. என்றால் பிற்பகல். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இரண்டும் பொருந்தாது, 'நண்பகல் 12.00 மணி' என்று எழுதுங்கள். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் கடந்தாலும் பி.ப.தான். 'மு.ப. 12.30' என்று அடித்தால் அது நடுச்சாமம் கழிந்து அரை மணித்தியாலம். முகூர்த்தம் 11.10 தொடக்கம் 12.20 வரை என்று வந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே குறியுங்கள்: 'மு.ப. 11.10 முதல் பி.ப. 12.20 வரை'. முன்னால் மட்டும் மு.ப. போட்டு விடுவதுதான் கார்டுகளில் அதிகம் காண்கிற தவறு.

ஒரு மாதிரி: 'அன்னாரின் 31ஆம் நாள் கிரியைகள் எமது இல்லத்தில் மு.ப. 10.00 மணிக்கு நடைபெறும். அதனைத் தொடர்ந்து பி.ப. 12.30 மணிக்கு இடம்பெறும் மதிய போசனத்திலும் கலந்துகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.' நேரத்தைக் கட்டாயம் போடுங்கள். வெறும் 'மதியம்' என்று விட்டால் முதல் பந்தியில் ஆளில்லாமலும் மூன்றாம் பந்தியில் இடமில்லாமலும் போகும்.

மருந்து உறையில் "காலை, பகல், இரவு" என்று கோடு போட்டுத் தருகிறார்கள். அப்பா மத்தியானம் சாப்பிட 3 மணியாகிறது. மாத்திரை எப்போது?
– வாசகி, அன்புவழிபுரம்

உறையில் உள்ள 'பகல்' எதைக் குறிக்கிறது என்பது மருந்தைப் பொறுத்தது. 'சாப்பாட்டுக்குப் பின்' என்று இருந்தால் அது சாப்பாட்டோடு கட்டிய மாத்திரை, சோறு பிந்தினால் அதுவும் பிந்தும். 8 மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று தந்த கிருமிக்கொல்லி மாத்திரை என்றால் மணிக்கூட்டோடு கட்டியது. காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று பிரித்தால் சரிவரும். அங்கே பகல் என்றால் 2 மணி. நீரிழிவு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர் மத்தியானச் சோற்றை 3 வரை இழுக்கவே கூடாது. சீனி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். வேலை நிமித்தம் 3 மணிதான் வழக்கமென்றால் அதை மருந்து எழுதுகிற வைத்தியரிடமே சொல்லி நேரத்தை மாற்றி எழுதுவியுங்கள். மருந்து வாங்கும் இடத்தில் உறையைக் காட்டி "பகல் என்றால் எத்தனை மணி?" என்று கேட்பதில் வெட்கமில்லை.

காலை 6 மணிக்குக் கட்டும் மத்தியானச் சோறு 1 மணிக்குத் திறந்தால் நொளநொளத்துப் புளித்த மணம் வருகிறது. வேலைத்தளத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், சீனன்குடா

ஆறிலிருந்து ஒன்றுவரை ஏழு மணித்தியாலம். திருகோணமலை வெக்கையில் வெறும் பார்சலாகக் கட்டிய சோற்றுக்கு அது கூடிப்போன நேரம். சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கும்போதுதான் கிருமி பெருகும். அந்த இடைச்சூட்டில் மொத்தம் 4 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததைச் சாப்பிடாமல் விடுவது நல்லது. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, மணத்திலும் தெரியாது. புளித்த மணம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், எறிந்துவிடுவீர்கள். மணமில்லாமல் கெட்டதுதான் ஆளைப் படுக்க வைக்கும்.

ஆகவே இரண்டே வழி. ஒன்று, சூடு விடாமல் கொண்டுபோவது. அகன்ற வாய்ச் சூட்டுப் போத்தலோ சூடு தாங்கும் அடுக்குப் பாத்திரமோ வாங்குங்கள். கொதிநீரை அதற்குள் விட்டு மூடி 10 நிமிடம் வைத்து, ஊற்றிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றை உடனே விளிம்புவரை நிரப்புங்கள். அரைவாசி காலியாக விட்டால் சூடு சீக்கிரம் இறங்கும். இடையில் "என்ன கறி" என்று திறந்து பார்ப்பதும் அதே கேடுதான். ஒரு மணிக்குத் திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். இளஞ்சூடாகத்தான் இருக்கிறதென்றால் அந்தப் பாத்திரம் உங்கள் ஏழு மணித்தியாலத்துக்குப் போதாது.

மற்றது, கட்டும் நேரத்தைப் பிந்த வைப்பது. 9.30க்குக் கட்டி யாராவது கொண்டுவந்து தரக்கூடியதாக இருந்தால் வாழையிலைப் பார்சலே போதும். ஒரு ஆளுக்கு 150 கிராம் அரிசி தாராளம். வழமையைவிடத் தண்ணீர் கொஞ்சம் குறைத்து, பருக்கை பருக்கையாக வடியுங்கள். அகன்ற தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆவி போக விட வேண்டும். ஆவியோடு கட்டினால் அதுவே தண்ணீராக இறங்கிச் சோற்றை நொளநொளக்க வைக்கும். உங்கள் பார்சலில் நடப்பது இதுதான். இலையின் நடு நரம்பைச் சீவி, நெருப்புக்கு மேலே மெதுவாக இழுங்கள். பச்சை கறுத்து மினுங்கினால் வாடிவிட்டது, மடித்தாலும் கிழியாது. பத்திரிகைத் தாள் வெளியே மட்டும், மை சோற்றில் படக்கூடாது. பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டெம்பர் 1 முதல் நாட்டில் தடை.

கறித் தெரிவில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் பால்கறியும் முதலில் கெடும். பச்சைத் தேங்காய்ச் சம்பல் அதைவிடச் சீக்கிரம். பார்சலுக்குப் பால் விடாத பருப்பு, வற்ற வைத்த மீன் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், மோர்மிளகாய் என்று வறண்ட பக்கம் போங்கள். புளி கூட்டிய குழம்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் மேலே சொன்ன 4 மணித்தியாலத்தை அது நீட்டித் தராது. சூரை, கும்பளா போடுவதென்றால் மீன் வாங்கிய இடத்திலேயே கவனம் வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஒரு பொருள் சமைத்தாலும் அழியாது. தின்றவுடன் முகம் சிவந்து, வாய் எரிந்து, தோல் கடிக்கும். மீன் பெட்டியில் ஐஸ் இல்லையென்றால் அன்றைக்கு முட்டை பொரியுங்கள்.

பழஞ்சோறு இரவு முழுக்கக் கிடந்தும் ஏன் கெடுவதில்லை என்று இதோடு சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் அதில் தயிரைப் புளிக்க வைக்கிற இனத்துக் கிருமி முந்திக்கொண்டு, மற்றவற்றை வளர விடாது. பார்சல் சோற்றில் அந்தத் தண்ணீரும் இல்லை, அந்தப் புளிப்பும் இல்லை.

ஒருபொழுது விரதத்தில் அந்த ஒரு பொழுது மத்தியானமாகத்தான் இருக்க வேண்டுமா?
– வாசகி, சல்லி

எங்கள் பக்க வழக்கில் பெரும்பாலும் மத்தியானம்தான். கோயிலில் உச்சிக்காலப் பூசை முடிந்து, மரக்கறியோடு ஒரு நேரம் உண்டு, இரவில் பால் பழத்தோடு விடுவார்கள். புரட்டாதிச் சனியில் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகே வீட்டில் இலை விழும். கந்தசஷ்டி போன்ற விரதங்களின் பாறணையை இதோடு சேர்க்க வேண்டாம். அது விரதம் முடிந்த மறுநாட் காலைச் சாப்பாடு, அதை மத்தியானம்வரை பிந்த விடுவதில்லை.